ரிப்பனுக்கு அந்தப் பக்கம்

அந்த வீட்டிலிருந்து வெளியே போவதென்றால் முதலில் கிளிப்பை நகர்த்த வேண்டும். கோட்டு மாட்டுவது, பூட்ஸில் காலை நுழைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜெர்சி சிட்டியில், ரயில் நிலையத்திலிருந்து எட்டு நிமிஷ நடையில் ஒரு பழைய மரவீடு. கீழே வீட்டுக்காரம்மா, மாடியில் நானும் என் கணவரும். இரண்டு குடித்தனத்துக்கும் தெருவாசல் ஒன்றுதான். கதவைத் திறந்ததும் சுவரில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒரு கொடி கட்டியிருக்கும், கை நீளம்தான் இருக்கும். அதன் நடுவில் சிவப்பு ரிப்பனில் ஒரு முடிச்சு. ரிப்பனுக்கு இடப்பக்கம் வீட்டில் இருப்பவர்கள், வலப்பக்கம் வெளியே போனவர்கள். ஆளுக்கு ஒரு துணி கிளிப். என் கணவருக்கு நீலம், எனக்கு மஞ்சள், வீட்டுக்காரம்மாவுக்குப் பச்சை. வலப்பக்கக் கடைசியில் ஆணியை ஒட்டி நிறம் வெளுத்த ஒரு மரக் கிளிப் இருந்தது. அது நகர்ந்து நான் பார்த்ததில்லை.

குடிவந்த அன்றே அது யாருடையது என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரரோடது" என்றார்.

"எங்கே போயிருக்கார்?"

"வெளியே."

அவர் சைப்ரஸ் தீவுக்காரர், பேச்சு கிரேக்கம். இங்கிலீஷ் எங்கள் இருவருக்குமே இரவல் சட்டை. ஒருவருக்குத் தொளதொள, இன்னொருவருக்குப் பிடிப்பு. அவர் சொன்னதையெல்லாம் என் வீட்டுத் தமிழில்தான் என்னால் எழுத முடிகிறது. பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது முடிப்பதற்குள் தெரிந்துவிடும்.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரமான பெண்மணி, ஓட்டமும் நடையுமாகவே இருப்பார். அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டுமென்றால், அவர் பயந்தார். திருடனுக்கும் நோய்க்கும் பயப்படுகிறவரல்ல. அடித்தளத்தில் எலி வந்தபோது தனியாகவே இறங்கி அடித்துவிட்டு வந்தார். ஆனால் வெளியே போன ஆள் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் அவருக்கு உதடு வெளுத்துவிடும். எங்கே போகிறாய், எந்தத் தெரு வழியாக, எத்தனை மணிக்கு வருவாய் என்று மூன்று கேள்வி கேட்காமல் யாரையும் வாசல்படி தாண்ட விடமாட்டார். பால் வாங்கப் போனாலும் மூன்று கேள்விதான்.

பகலில் நான் மாடியில் தனியாக இருப்பேன். மஞ்சள் கிளிப் இடப்பக்கம் இருந்தால், பன்னிரண்டு மணிக்கு அவர் தரை துடைக்கும் மாப்பின் கட்டையால் தன் வீட்டுக் கூரையை ஒரு தட்டுத் தட்டுவார். இருக்கிறாயா என்று அர்த்தம். நான் குதிகாலால் தரையில் ஒரு மிதி மிதிக்க வேண்டும். இருக்கிறேன் என்று அர்த்தம். மறந்துபோய்ச் சமையலில் இருந்துவிட்டால் இரண்டாம் தட்டு இடி மாதிரி விழும்.

ஒரு பனிக்காலத்தில் மன்ஹாட்டனிலிருந்து வரும் ரயில் நின்றுபோய், என் கணவர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். அவர் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். வீட்டுக்காரம்மா மெல்லிய உடுப்பின்மேல் கோட்டைப் போர்த்திக்கொண்டு வாசல்படியில் பனியிலேயே நின்றிருக்கிறார். என் கணவர் வந்ததும் எதிரே இறங்கி வந்தார். கோட்டுக் கையைத் தொட்டுப் பார்த்தார், நீலக் கிளிப்பைத் தானே நகர்த்தினார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நம்ம ஆபீஸ்லகூட இவ்ளோ ஸ்ட்ரிக்ட் இல்ல" என்று மாடியில் இவர் சிரித்தார். "வாட்ச்மேன்கிட்ட கார்டு பன்ச் பண்ற மாதிரி இருக்கு. வேற வீடு பாத்துரலாமா?"

நான் வேண்டாம் என்றேன். என்னை எதிர்பார்த்துக் காத்திருக்க அந்த ஊரில் இன்னொரு ஆள் கிடையாது.

எண்பத்துநான்கு மே மாதம் எனக்கு ஐந்தாம் மாதம். முந்தைய வருஷம் நான்காம் மாதத்திலேயே ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை எதைப் பார்த்தாலும் பயம். மாடிப்படிக்குப் பயம், ஐஸ் தண்ணீருக்குப் பயம், ஜாஸ்தி சிரித்தால் பயம். அப்போதுதான் டிவியில் வானிலை சொல்லும் ஆள் பல்லைக் காட்டிக்கொண்டே சொன்னான், மாதக் கடைசியில் சூரிய கிரகணம், நம் பக்கம் முக்கால்வாசி மறையும், பட்டப்பகலில் பார்க்கலாம் என்று.

வேலூரில் எங்கள் தெருவில் உதடு பிளந்து பிறந்த ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அம்மா கிரகணத்தன்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பெண் நன்றாகப் படித்தாள், நன்றாகப் பாடினாள். எனக்கு இப்போது நினைவுக்கு வந்தது அதெல்லாம் இல்லை, உதடுதான்.

மாமனார் வருஷாவருஷம் தபாலில் அனுப்பும் பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினேன். அந்தக் கிரகணம் அதில் இல்லவே இல்லை.

"பாத்தியா? பஞ்சாங்கத்துலயே போடல. அப்புறம் என்ன?" என்றார் இவர். அதுவரை பஞ்சாங்கத்தை டீ டம்ளர் வைக்கத்தான் பயன்படுத்தியிருக்கிறார்.

"அது மெட்ராஸுக்குப் போட்டது. அங்க தெரியாது, அதனால போடல. இங்க தெரியுதே."

"அப்ப இந்த ஊரு கர்ப்பிணிங்க எல்லாம் என்ன பண்றாங்க? ஆபீஸ்ல எங்க மேனேஜர் வைஃப் கண்ணாடி வாங்கி வெச்சிருக்கா, பாக்கறதுக்கு."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அவங்களுக்குத் தெரியாது."

"தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் ஆகுமா? என்ன லாஜிக் இது? இதப் போய்க் கீழ சொல்லி வெக்காத. மானம் போயிடும்."

லாஜிக் இல்லை என்பது எனக்கும் தெரியும். பயம் லாஜிக் கேட்டுக்கொண்டா வருகிறது?

அம்மாவுக்குக் கடிதம் எழுதினால் பதில் வருவதற்குள் கிரகணம் விட்டுப்போய்விடும். எனவே வேறு மாதிரி விசாரித்தேன். ஒரு சாயங்காலம் வீட்டுக்காரம்மா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். உங்கள் ஊரில் கிரகணத்துக்கு என்ன சொல்வீர்கள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"எக்லிப்ஸி" என்றார். "இங்கிலீஷ்காரன் எங்ககிட்டேருந்து எடுத்தது."

பிறகு பீன்ஸைக் கீழே வைத்தார். அவருடைய கணவர் பள்ளிக்கூட வாத்தியாராம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைக் கரும்பலகையில் இரண்டாக உடைத்துக் காட்டுவாராம். எக் என்றால் வெளியே. லீப்போ என்றால் இல்லாமல் இருப்பது. பழைய காலத்தில் அதற்கு விட்டுப்போவது என்றும் அர்த்தமாம். ஆனால் இன்றைக்கும் வீட்டில் தினம் புழங்குகிற சொல்தான் அது.

"யாராவது போன் பண்ணி, அவர் இருக்காரான்னு கேட்டா, லீப்பின்னு சொல்லுவோம். வீட்ல இல்ல. அவ்வளவுதான். கடைக்குப் போயிருக்கலாம், ஊருக்குப் போயிருக்கலாம். சூரியனும் அப்படித்தான்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுவார். சாகல, யாரும் தின்னல. லீப்பி. வந்துடும்."

"எங்க ஊர்ல பாம்பு பிடிச்சிருச்சுன்னு சொல்லுவோம். கிரகணம்னாலே பிடிக்கிறதுன்னுதான் அர்த்தம்" என்றேன்.

"உங்க வார்த்தை பரவாயில்ல" என்றார். "பிடிச்சிருந்தா, யார்கிட்ட இருக்காருன்னு தெரியும்."

அன்றைக்குத்தான் மரக் கிளிப்பின் கதையைச் சொன்னார். தீவில் சண்டை மூண்ட கோடையில், ஒரு மத்தியானம், அவருடைய கணவர் பள்ளிக்கூடத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாராம். பத்து நிமிஷம் என்றாராம். வீட்டுக்காரம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எந்தத் தெரு வழியாக என்று கேட்கவில்லை. அதோடு சரி. செத்தவர்கள் பட்டியலில் பெயர் இல்லை, பிடிபட்டவர்கள் பட்டியலிலும் இல்லை. காணாமல்போனவர்கள் பட்டியலில் இருக்கிறது, தேடுகிறவர் என்று வீட்டுக்காரம்மாவின் பெயரும் பக்கத்தில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் பட்டியலைப் பார்த்து யாரும் அடையாளம் கண்டுவிடலாம், நான் இங்கே எழுதாததற்குக் காரணம் அதுதான். வீட்டுக்காரம்மாவின் அண்ணன் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துவந்து இந்த வீட்டில் வைத்துவிட்டு, தான் புளோரிடாவுக்குப் போய்விட்டார்.

"பத்து வருஷம் ஆச்சு" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"லீப்பி" என்றார், பீன்ஸை எடுத்துக்கொண்டு.

கிரகணத்தன்று காலை என் கணவர் ரயிலைப் பிடிக்க ஓடினார். நீலக் கிளிப் வலப்பக்கம் போயிற்று. நான் ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டேன். கத்தி, ஊசி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். தர்ப்பைக்கு எங்கே போவது? சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். பதினொன்றரையிலிருந்து இரண்டு மணிவரை கைகாலை மடக்காமல், அசையாமல், பேசாமல் படுத்திருப்பது என்று திட்டம். எல்லாம் யோசித்த பிறகுதான் பன்னிரண்டு மணித் தட்டு நினைவுக்கு வந்தது. தட்டினால் மிதிக்க வேண்டும். மிதிக்கவேண்டுமானால் எழுந்திருக்க வேண்டும். விஷயத்தைச் சொல்லலாம் என்றால் மானம் போய்விடும்.

வீட்டுக்காரம்மா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சத்தமில்லாமல் இறங்கிப்போய், என் மஞ்சள் கிளிப்பை எடுத்து ரிப்பனுக்கு அந்தப் பக்கம் மாட்டினேன். வெளியே போயிருக்கிறாள் என்றால் தட்டமாட்டார் அல்லவா? எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு மாடியேறி வந்து படுத்துவிட்டேன்.

போர்வைக்குப் பின்னால் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. தெருவில் யாரோ கைதட்டினார்கள். ஒரு நாய் விடாமல் குரைத்தது. வயிற்றில் கை வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு கையையும் நீட்டிவைத்துக்கொண்டு கிடந்தேன்.

பன்னிரண்டுக்குத் தட்டு விழவில்லை. அதற்குப் பதில் கீழே வேகமான காலடிகள் கேட்டன. மூன்று கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் போனதே கிடையாது. அது எனக்கு உறைக்கவே இல்லை. அப்புறம் தட்டு விழுந்தது. இன்னொன்று. பிறகு விடாமல் தடதடவென்று. அதற்கப்புறம் மாடிப்படியில் காலடி. கதவைத் தட்டினார்.

"கோரி!" என்றார். பெண்ணே என்று அர்த்தம், என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "கோரி, உள்ளே இருக்கியா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று தடவை. சாவி அவரிடம் இருந்தது, திறந்திருக்கலாம். ஆனால் கொடி சொல்வதை அவர் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. நான் வெளியே என்று கொடி சொன்னது. படியிறங்கி ஓடினார். தெருக்கதவு சுவரில் மோதிய சத்தம் கேட்டது. தெருவில் தூரத்தில் என் பெயர் இன்னும் இரண்டு தடவை கேட்டது, அதற்கப்புறம் கேட்கவில்லை.

எழுந்துபோய்ப் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு பக்கம் அவர் பயம், ஒரு பக்கம் என் குழந்தையின் உதடு. நான் உதட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டு மணிக்கு எழுந்து தலைக்குக் குளித்தேன். கீழே இறங்கும்போதே தீய்ந்த வாசனை வந்தது. தெருக்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அவர் வீட்டு அடுப்பில் பீன்ஸ் கரியாகிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து கொடியைப் பார்த்தேன். பச்சைக் கிளிப் இடப்பக்கம், வீட்டில். தபால்பெட்டியைத் திறக்க இரண்டு படி இறங்கினாலும் கிளிப்பை நகர்த்துகிறவர் நகர்த்தாமல் போயிருக்கிறார். வீட்டில் இருக்கிறார் என்கிறது கொடி, வீட்டில் அவர் இல்லை.

ஈரத் தலையோடு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். வேறெங்கே தேடுவது என்று தெரியவில்லை. அவர் அங்கேதான் இருந்தார், ஏறிவரும் படிக்கட்டின் உச்சியில், சமையல் ஏப்ரனோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு. மேலே வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, தன் வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டி, தலையிலிருந்து முதுகுவரை பின்னலை இழுத்துக் காட்டி, பார்த்தீர்களா பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நிலையத்து ஊழியர் ஒருவர் அவரை உட்காரவைக்கக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் திட்டவில்லை. இரண்டு கையையும் என் வயிற்றில் வைத்தார், பிறகு கன்னத்தில் வைத்தார். கை ஐஸாக இருந்தது. வீடுவரை என் மணிக்கட்டை விடவில்லை. வளையல் பதிந்து ரத்தம் கட்டிப்போனது.

வீட்டுக்குள் வந்ததும் மஞ்சள் கிளிப்பை எடுத்து இடப்பக்கம் மாட்டினார். அப்போதுதான் பச்சையைப் பார்த்தார்.

"நான் நகர்த்தல" என்றார், பயந்துபோய். "நான் வெளியே போனது யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் தலை ஏன் ஈரமா இருக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான் எங்கேயும் போகல. மேலதான் இருந்தேன்" என்றேன். பாம்பு, பஞ்சாங்கம், உதடு எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். அவர் அதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

"நான் தட்டினது உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுது."

"பேர் சொல்லிக் கூப்பிட்டது?"

"கேட்டுது."

"உள்ளே இருந்தே. கேட்டுது. பதில் சொல்லல."

"மன்னிச்சுடுங்க" என்றேன். அழுதேன். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, வலப்பக்கக் கடைசியில் இருந்த மரக் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எங்க தெருவுல எல்லாக் கதவையும் தட்டினேன்" என்றார் கடைசியில். "பள்ளிக்கூடத்துக் கதவையும் தட்டினேன். யாரும் திறக்கல. காலி வீடுன்னு நினைச்சுட்டுத் திரும்பி வந்துட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ அவருக்கும் கேட்டிருக்கும்."

இல்லை, அப்படி இருக்காது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்துவிட்டு நிற்கிறேனே, எப்படிச் சொல்வது? அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. எனக்குக் கிரகணம்கூட அவ்வளவு பயமாக இல்லை.

அந்தக் கோடை முழுவதும் அவர் தீவுக்குக் கடிதம் எழுதினார். எந்தெந்த வீட்டில் அன்றைக்கு யார் யார் ஒளிந்திருந்தார்கள், எந்தக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது என்று பழைய அண்டை வீட்டாரையெல்லாம் கேட்டு. புளோரிடா அண்ணன் போனில் கத்துவது மாடிவரை கேட்கும். பத்து வருஷமாக ஆறாமல், ஆனால் அசையாமல் கிடந்த ஒன்றை நான் கிளறிவிட்டேன். அதைப் பற்றி என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பன்னிரண்டு மணித் தட்டு மட்டும் நின்றுபோயிற்று. அதற்குப் பதில் தினம் மாடியேறி வந்து, கதவைத் திறந்து, கண்ணால் பார்த்துவிட்டுப் போவார்.

அக்டோபரில் மகள் பிறந்தாள். நர்ஸ் கையில் கொடுத்ததும் நான் முதலில் பார்த்தது உதட்டை. முழுசாக, சின்னதாக, கோபமாக இருந்தது. வீட்டுக்கு வந்தபோது கொடியின் இடப்பக்கம் வெள்ளை நிறத்தில் விரல் நீளத்தில் ஒரு கிளிப் காத்துக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து இவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து, பிளானோவுக்குப் புறப்பட்டோம். சாமான் ஏற்றிய பிறகு, எங்கள் மூன்று கிளிப்பையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்து ரிப்பனுக்கு அந்தப் பக்கம் மாட்டினார். நீலம், மஞ்சள், வெள்ளை, கடைசியில் மரம். என் மகளின் கிளிப் அந்த மரக் கிளிப்பை உரசிக்கொண்டு நின்றது.

"எங்களோடதை எடுத்துக்கிட்டுப் போறோமே" என்றேன்.

"எடுத்தா, வரமாட்டேன்னு அர்த்தம்" என்றார். மூன்று கேள்வியும் கேட்டார். மூன்றாவதற்கு, எப்போது வருவீர்கள் என்பதற்கு, இவர் "சீக்கிரம்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் பண்ணுவேன். அவர் எடுத்ததும் பேசமாட்டார், முதலில் காதுகொடுத்துக் கேட்பார். என் குரலைக் கேட்டதும் ஒரு மூச்சு விடுவார். பெரிதாகப் பேச்சு ஒன்றும் இருக்காது. எல்லாரும் வீட்டில் இருக்கிறோமா என்று கேட்பார். இருக்கிறோம் என்பேன்.

எண்பத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு யாரோ ஓர் ஆண் எடுத்தான். உடனே பேசினான். அந்த அம்மாள் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"வீட்டில் இல்லை" என்றான், இங்கிலீஷில். எங்கே, எப்போது வருவார் என்று நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் நான் கூப்பிடவில்லை. இரண்டு தடவை எண்ணைச் சுழற்றிவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்திருக்கிறேன். மறுபடி கேட்டால் வேறு பதில் சொல்லிவிடுவான் என்று பயம். என் மகள் ஹைவேயில் கார் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து நானும் மூன்று கேள்வி கேட்கிறேன். அவள் "மாம், ப்ளீஸ்" என்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் உள்ளேயேதான் இருந்திருக்க வேண்டும். அடுப்படியில் நின்று, மணி அடித்ததைக் கேட்டு, நான் என்று தெரிந்தும், இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். நான் அவருக்குச் செய்ததைத்தானே அவர் எனக்குச் செய்தார் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படியே இருக்கட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்கிறேன்.